ஊமைக் கருவி

அக்காவின் கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்குள் புடைத்திருந்த கருவியின் மேல் அவன் ரிமோட்டை வைத்தான்.

“கை ஏன்டா இப்படிச் சில்லுனு இருக்கு?” என்றாள் அக்கா.

“ஏசி” என்று முணுமுணுத்தான்.

கழுத்து வழியாக வயிற்றுக்கு இறங்கும் நரம்பை மின்சாரத்தால் லேசாகச் சீண்டினால், உடம்பே தன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிடும். இதை நிரூபிக்கத்தான் அவன் படித்தான், கல்யாணத்தைத் தள்ளிப்போட்டான், தலைமுடியை இழந்தான்.

இன்று காலை முடிவு வந்தது. கருவி வேலை செய்கிறது. துறைத் தலைவர் எல்லோர் முன்னாலும் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சோதனைக்கு வந்த எல்லோருக்கும் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். ஆனால் பாதிப் பேருடையதில்தான் மின்சாரம் ஓடும். மற்றதெல்லாம் ஊமை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. சேரும்போதே இதையெல்லாம் விளக்கினார்கள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆள் கிடைக்காமல் தம்பி அல்லாடுகிறான் என்று தெரிந்ததும் தானாக வந்து சேர்ந்தவள் அவள்.

அவளுக்கு வாய்த்தது ஊமை.

இன்சுலின் ஊசியை நிறுத்தவே கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். அக்கா ரகசியமாக நிறுத்திவிட்டாள். தம்பி செய்த கருவி உள்ளே இருக்கும்போது ஊசி எதற்கு? சர்க்கரை எகிறும்போதெல்லாம் நர்ஸிடம் பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டாள். வாயைக் கட்டத் தெரியவில்லை சிஸ்டர், மிஷின் மேல் தப்பில்லை என்பாள்.

கால் கட்டைவிரலில் வந்த புண் ஆறவேயில்லை. போன வருஷம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஊமைக் கருவிக்காரர்கள் எவ்வளவு மோசமானார்களோ, மற்றவர்களின் முன்னேற்றம் அவ்வளவு பளிச்சென்று தெரிந்தது. காலையில் விழுந்த கைதட்டலில் அக்காவின் காலுக்கும் பங்கு இருந்தது.

இனி ஊமைகளையும் இயக்கலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டது. முதல் ஆளாக அக்காவைத்தான் வரவழைத்திருந்தான்.

பொத்தானை அழுத்தினான்.

அக்கா சட்டென்று தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். குரல் கரகரத்தது.

“என்னடா இது, உள்ள குறுகுறுங்குது? இத்தனை நாள் இப்படி இருந்ததே இல்லையே.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. சக்கர நாற்காலியில் பாதம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.



அக்கா கையை நீட்டி, கண்ணீர் வழிந்த அவன் கன்னத்தைத் துடைத்தாள்.

“விடுடா. குலுக்கல்ல என் பேரு அப்படி விழுந்திருக்கு. அதுக்கு நீ என்ன பண்ணுவ?”

குலுக்கலில் அவள் பெயர் அப்படி விழவில்லை. மின்சாரம் ஓடும் பக்கம்தான் விழுந்தது.

ஆய்வுக்கூடத்தில் அந்த மின்சாரம் பாய்ச்சிய பன்றிகளில் இரண்டு, இதயம் நின்று செத்திருந்தன. மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சமாளித்துவிட்டு, மனிதர்களிடம் சோதனையைத் தொடங்கினான். தொடங்குமுன், யாருக்கும் தெரியாமல் குலுக்கல் பட்டியலைத் திறந்து, அக்காவின் பெயரை மட்டும் எடுத்து ஊமைப் பக்கம் வைத்தான். அவளுடைய இடத்தில் முன்பின் தெரியாத ஒருவரைப் போட்டான்.

அந்த ஆள் இன்று காலை நன்றி சொல்ல வந்திருந்தார். மாடிப்படி ஏறி.