பிசிறில்லாத குரல்

ஒலியில் சின்னப் பிசிறு தட்டினாலும் இன்பசேகரனுக்குக் கோபம் தலைக்கேறும். அதனால்தான் தன் பாட்காஸ்டுக்கு அந்த மென்பொருளை வாங்கியிருந்தான். வெளியூர் விருந்தாளி வீட்டில் குக்கர் விசிலடித்தாலும் துடைத்துவிடும். நெட் அறுந்தாலும், ஆள் தடுமாறினாலும், அவர் குரலிலேயே பேச்சைத் தொடர்ந்து முடித்துவைக்கும்.

இன்று தென்காசியிலிருந்து சுலோச்சனா பேசினாள். அடித்து நொறுக்கிய புருஷனை விட்டு வெளியேறித் தனியாக வாழ்பவள்.

“இப்ப பயம் போயிடுச்சா மேடம்?”

“போயிடுச்சு சார். கதவைத் திறந்து போட்டுக்கூடத் தூங்குவேன்.”

அருமையாக முடிந்தது பேட்டி. ஆனால், முடிந்த பிறகும் அவள் பக்கத்து ஒலிப்பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. ‘நிறுத்தக்கூடத் தெரியலையா இந்தம்மாவுக்கு?’ என்ற எரிச்சலோடு, துடைக்காத மூலப்பதிவைத் திறந்தான்.

பயம் போயிடுச்சா என்று அவன் கேட்ட இடத்தில் அங்கே கதவு உடைந்தது.

“சார், அவன் வந்துட்டான்! போலீசைக் கூப்பிடுங்க சார்!”

இரும்பு எலும்பில் இறங்கும் சத்தம். மறுபடியும். மேசை சரிந்தது. “கேக்குதா சார்?” என்றவளின் தொண்டையில் ஏதோ கொப்பளித்தது. பிறகு ஓர் ஆணின் மூச்சிரைப்பு மட்டும்.

தரையில் கிடந்த அவள் ஹெட்போனிலிருந்து இன்பசேகரனின் குரலே சன்னமாகக் கசிந்தது.

“பிரமாதம் மேடம்! கடைசியா நம்ம நேயர்களுக்கு ஒரு வார்த்தை?”

‘உயிரோட இருக்கேன், அது போதும்’ என்று அதற்கு வந்த பதிலைத்தான் அவன் பேட்டிக்குத் தலைப்பாக வைத்திருந்தான்.