தூக்கி அடிக்காதே

“உனக்கு இருக்கிறது காலா, கடப்பாரையா?” என்று கேட்டார் கேப்டன்.

ஓய்வறையே சிரித்தது. கோல்கீப்பர் மட்டும் தலையைக் குனிந்தபடி கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

பேருந்துப் பணிமனையில் கேப்டன் தலைமை மெக்கானிக். கோல்கீப்பருக்கு டயர் மாற்றும் வேலை. போதாக்குறைக்கு, கேப்டனின் மனைவிக்குச் சொந்தத் தம்பி.

“பக்கத்துலயே நான் நிக்கிறேன். கையைத் தூக்கிக் கேக்குறேன். நீ என் தலைக்கு மேல அந்தக் கோடிக்குத் தூக்கி அடிக்கிற. அங்க போற பந்து நமக்கா வருது?”

“பாதி வருது மாமா.”

“மீதியை யாரு உங்க அக்காவா எடுத்துட்டு வருவா? சின்னச் சின்னதா பாஸ் குடுக்கணும். பந்து நம்ம கால்ல இருக்கிறவரைக்கும் எதிராளி கோல் போட முடியாது. இது புரிய எத்தனை வருஷம் வேணும்?”

“தூக்கி அடிச்சுத்தானே கேப்டன் அரையிறுதியில ஜெயிச்சோம்?” என்றார் பெயின்டர். “ஒரே அடி, நேரா முன்னாடி, கோல். நாலு பாஸ் குடுக்கிறதுக்குள்ள நம்ம ஆளுங்களுக்கு மூச்சு வாங்குது.”

“அது குருட்டு அதிர்ஷ்டம்யா. ஆட்டம்னா ஆடி ஜெயிக்கணும்.” மேசையை அழுத்தி ஊன்றி எழுந்தார் கேப்டன். “நாளைக்கு ஃபைனலுக்குக் கண்டக்டர் கோல்ல நிக்கட்டும். அவனாவது சொன்ன பேச்சைக் கேப்பான்.”

சிரிப்பு நின்றுவிட்டது.

“நாளைக்கு என் பொண்ணு பாப்பா ஆட்டம் பாக்க வர்றா மாமா,” என்றான் கோல்கீப்பர், மெல்ல.

“வரட்டுமே. உன்னோட பெஞ்சுல உக்காந்து பாக்கட்டும்.”

“சரி மாமா,” என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் எதிர் அணி, குடிநீர் வாரியம். கண்டக்டர் சொன்ன சொல் தட்டாதவன். முதல் பந்தைப் பிடித்ததும் அழகாக உருட்டி, கேப்டனின் காலடியில் கொண்டுவந்து சேர்த்தான்.

“இதுதான்யா பாஸ்,” என்றபடி கேப்டன் திரும்பினார். அவர் திரும்பி முடிப்பதற்குள் ஒல்லிப் பையன் ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். கோல்.

“கொஞ்சம் முன்னாடி குடுக்கணும்பா.”

அடுத்ததை முன்னால் கொடுத்தான். கேப்டன் போய்ச் சேருமுன் அதே பையன் போய்ச் சேர்ந்தான். இன்னொரு கோல்.

“இவ்வளவு முன்னாடியா?” என்றார் கேப்டன். அதற்கடுத்த முறை தரை மேடு பள்ளம் என்றார். அதற்கும் அடுத்த முறை வெயில் கண்ணில் அடிக்கிறது என்றார்.

இடைவேளை வந்தது. பெஞ்சுக்குப் பின்னால், தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த குழாயடிக்கு முகம் கழுவப் போனார் கேப்டன். மைத்துனனை மறுபடி இறக்கிவிடலாம், இந்த ஒரு தடவை மன்னித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே குனிந்தார்.

சுவருக்கு இந்தப் பக்கம், பெஞ்சிலிருந்து பாப்பாவின் குரல் கேட்டது.

“ஏன்ப்பா உன்னைச் சேத்துக்கல?”

“அப்பாவுக்குப் பாஸ் குடுக்கத் தெரியலையாம்.”

“பொய். நம்ம தெருவுல என் கால்ல சரியா குடுப்பியே.”

“நீ ஓடுவடா கண்ணு. மாமாவால முடியாது. முட்டி போயிடுச்சு. மாடிப்படி ஏறவே பத்து தடவை நிக்கிறாராம், அத்தை அழுதுகிட்டே சொன்னா. யார்கிட்டயும் சொல்லிடாதே.”

“அதுக்காக, திட்டு வாங்குவியா?”

“பந்து மாமா தலைக்கு மேல போனா அப்பாவைத் திட்டுவாங்க. கால்ல போனா மாமாவைத் திட்டுவாங்க. அவ்வளவுதான்.”

கேப்டனின் கையில் அள்ளிய தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகிப் போயிற்று.

விசில் கேட்டது. அவர் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தார். எல்லார் எதிரிலும் வலது முட்டியைப் பிடித்தபடி, மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“என் இடத்துல கண்டக்டர் ஆடட்டும். நீ கோலுக்குப் போ.”

“மாமா, நீங்க?”

“நான் பாப்பாவோட உக்காந்து பாக்குறேன்.” அவன் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. “இனிமே தூக்கி அடிக்காதே.”

அவன் அடிக்கவில்லை. கைக்கு வந்த முதல் பந்தை, பூப்போல உருட்டிப் பெயின்டர் காலில் விட்டான். அங்கிருந்து கண்டக்டருக்கு. கண்டக்டரிடமிருந்து இன்னொருவனுக்கு. எதிராளியின் கால் படாமலே பந்து மைதானத்தைக் கடந்து வலைக்குள் போய் விழுந்தது. கேப்டன் இத்தனை நாள் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்ட ஆட்டம், இம்மி பிசகாமல்.

“அடப்பாவி,” என்று கத்தினார் பெயின்டர். “இவ்வளவு அழகா குடுக்கத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஏன்டா இத்தனை நாள் வாங்கிக் கட்டிக்கிட்டே?”

கோல்கீப்பர் பெஞ்சுப் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்:

“எனக்கு எங்கே தெரியும்? எல்லாம் மாமா நேத்து சொல்லிக்குடுத்தது.”