பாட்டே இல்லாத பாட்டு

“தேவேந்திரன்!”

ஊர்த் தலைவர் முத்து, பேர் லிஸ்ட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு இரண்டாம் தரம் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு காதிலும் வயரைச் சொருகிக்கொண்டு, அந்த லிஸ்ட்டையே பார்த்து மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பெரிய ரசிகர்.

கோயில் வாசலில் அன்று பாடு போடும் நாள். ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டெடுத்து முறை வைப்பார்கள். மூன்று தரம் கூப்பிட்டும் ஆள் எழுந்துபோய்ச் சீட்டெடுக்காவிட்டால் அந்த வருஷம் முழுக்க இடம் கிடையாது. எங்கள் வீட்டில் அடுப்பெரிவது அந்தச் சீட்டை நம்பித்தான்.

அப்பேர்ப்பட்ட நாளில் துரைக்கு இசை.

எல்லாம் அந்த ஹரிஹரனால் வந்த வினை. சென்னையிலிருந்து பூநாரை பார்க்க வந்த பிள்ளை. எங்கள் படகில் ஏறி, பூநாரை இருந்த பக்கம் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு, காதில் வயரை மாட்டியது. என்ன பாட்டு தம்பி என்று கேட்டால், பாட்டே இல்லையாம். ஆம்பியன்ட் மியூசிக்காம். அலைச் சத்தம், காற்றுச் சத்தம், நடுநடுவே யாரோ அண்டாவைத் தட்டிவிட்டு மறந்துபோன மாதிரி ஒரு ரீங்காரம். மனசுக்கு அமைதியாம்.

நடு ஏரியில் மிதந்துகொண்டு ஏரிச் சத்தத்தை மெனக்கெட்டுப் போனில் கேட்கிறதே இந்தப் பிள்ளை என்று அன்றைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அடுத்த வாரமே பழவேற்காடு பஸ் ஸ்டாண்டுக் கடையில் இவரும் ஒரு வயர் வாங்கிவிட்டார். படகில், வீட்டில், டீக்கடையில், சாவு வீட்டில்கூட அதைக் கழற்றுவதில்லை. கேட்டால், “மனசு லேசாவுது செவ்வந்தி” என்பார்.

ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அந்த இசையில் என்னமோ இருந்தது.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லும் மனுஷன். மூன்று மாதமாக எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஃப்ரிட்ஜ் வாங்க வேண்டும் என்றேன், சரி என்றார். உன் அக்கா மகள் வளைகாப்புக்கு நான் வரமாட்டேன் என்றேன், அதற்கும் சரி. நான் வாயைத் திறந்தால் போதும், வேலையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பார். பேசி முடிக்கும்வரை கண்ணை எடுக்க மாட்டார். கல்யாணமான புதுசில்கூட இந்த மனுஷன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமே வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரருக்கும் ஒரு வயர் வாங்கி மாட்டிவிடு, குடும்பம் உருப்படும் என்று பக்கத்து வீட்டு லட்சுமியிடம் சிபாரிசுகூடச் செய்தேன்.

இப்போது அதே அமைதிதான் எங்கள் சோற்றில் மண்ணைப் போடப் பார்த்தது. பாடு போடும் இடத்துக்குள் பொம்பளை போகக் கூடாது. வேலியோரம் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

தலைவர் மூன்றாம் தரத்துக்கு மூச்சை இழுத்தார். லிஸ்ட்டில் அடுத்த பேர் மணிகண்டன். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தே விட்டான்.

நான் வேலியைத் தாண்டி ஓடினேன். யார் யாரோ ஏய் ஏய் என்றார்கள். பக்கத்தில் போய் வயரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன்.

அது மொத்தமாகக் கையோடு வந்தது. மறுமுனை அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பீடியையும் இழுத்துக்கொண்டு வந்தது. போன் வரவில்லை. போன் வீட்டில் சார்ஜில் கிடக்கிறது. காலையில் சார்ஜில் போட்டதே நான்தான்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால், பத்தடி தூரத்தில், தலைவர் தொண்டை கிழிய மூன்றாம் தரம் கூப்பிட்டார். இவருக்குக் கண்ணிமைகூட அசையவில்லை. நான் எப்போது பேசுவேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.



வலை இழுக்கும்போது எதிர்முனையில் இருப்பவன் போடும் குரலுக்குத்தான் கை ஓட வேண்டும். என்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து காது போன கோபால் அண்ணன் பேரை, போன வருஷம் இதே வாசலில் வைத்துத்தான் லிஸ்ட்டிலிருந்து அடித்தார்கள்.

வயர் முனையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன். அவர் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு எழுத்துக்கும் வாயை அகலத் திறந்து, ஊருக்கே கேட்கும்படி கத்தினேன்.

“யோவ்! இன்னா மனுசன்யா நீ? உன் பேரக் கூப்புடறாங்க, பாட்ட நிறுத்திட்டுப் போய் சீட்ட எடுய்யா!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டு, தொலையட்டும், வா என்று கையைக் காட்டினார். இவர் போய்ச் சீட்டெடுத்தார்.

மணிகண்டன் மட்டும் சிரிக்கவில்லை. அப்படி என்னதான் கேட்கிறார், கொடு அண்ணி பார்ப்போம் என்று கையை நீட்டினான்.

நான் வயரை என் இரண்டு காதிலும் சொருகி, மறுமுனையை முந்தானைக்குள் ஆழமாகச் செருகிக்கொண்டேன். ஒரு சத்தமும் இல்லை. அழுகைதான் வந்தது.

அவ்வளவு நல்ல பாட்டு என்று ஊர் நினைத்துக்கொள்ளட்டும்.