சுமப்பாயி பார்த்த வால்

ஒரு செல்லுக்குள் சுமப்பாயி என்றொரு புரதம் இருந்தாள். உட்கருவுக்குப் போகிறவர்களை முதுகில் ஏற்றி வாசல் தாண்டி இறக்கிவிடுவது அவள் பிழைப்பு. ஏறுகிறவரின் வாலில் நுழைவு முத்திரை இருந்தால் போதும், முகத்தைப் பார்க்கமாட்டாள்.

அன்று பழுது பார்க்கும் புரதம் பதறி ஓடிவந்தான்.

“அக்கா, உள்ளே டி.என்.ஏ. இழை அறுந்து கிடக்கு. ஒட்டாட்டி எல்லாரும் காலி. ஏத்துங்க!”

“வால் எங்கேடா?”

“வழியில பிஞ்சுபோச்சு. தினம் என்னைச் சுமக்கிறீங்களே, தெரியலையா?”

“தெரியாம என்ன? வால் இல்லையே.”

பின்னால் நின்ற வைரஸின் ஆள், கல்யாணத்துக்குக் கிளம்பியவன் மாதிரி முத்திரை பளபளக்கும் வாலை நீட்டினான். அவனை ஏற்றிப்போய் இறக்கினாள்.

அவள் திரும்பியபோது செல்லே நடுங்கியது.

“யாரைக்கா உள்ளே விட்டீங்க?” என்று அழுதான் பழுதுக்காரன்.

“வால் சரியாத்தான்டா இருந்துச்சு” என்றாள் சுமப்பாயி, அதே மாதிரி வாலோடு அடுத்து நின்றவனுக்கு முதுகை வளைத்தபடி.