ஊதாச் சக்கரக் காலணி

கிறிஸ்துமஸ் காலையில் கூடத்தில் இருந்தவர்கள்: அம்மா ஜெசிந்தா, அப்பா ரொசாரியோ, எட்டு வயது மெர்லின், ஆறு வயது எபின், சுவரில் சமன்பெட்டி.

கூடத்தில் இருக்கும் எல்லார் முகத்தையும் பார்த்து, பரிசு வாங்கும் பிள்ளைகளின் சந்தோஷத்தைப் பெட்டி அளக்கும். ஒரு பிள்ளைக்குக் கூடி மற்றதற்குக் குறைந்தால் இரண்டு பரிசையும் அரசாங்க ஆள் வந்து தூக்கிப்போவான். எபினோ எதற்கும் முகம் மலராத பிள்ளை. போன வருடம் மெர்லின் சைக்கிளைப் பார்த்துக் குதித்தாள். மத்தியானமே சைக்கிள் போய்விட்டது. அதனால் ஜெசிந்தா இந்த முறை மகளைக் கண்ணாடி முன் நிறுத்திப் பழக்கியிருந்தாள். சிரிப்பு வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்.

மெர்லின் பொட்டலத்தைப் பிரித்தாள். ஆசைப்பட்டுக் கேட்ட அதே ஊதாச் சக்கரக் காலணி.

"பிடிச்சிருக்காடி?" என்றான் ரொசாரியோ.

"பரவால்லப்பா."

"மூஞ்சியப் பாரு, கருவாட்டப் பிரிச்ச மாதிரி," என்று அவன் சத்தமாகச் சலித்துக்கொண்டான். எபின் தன் பொம்மை லாரியை ஒருமுறை உருட்டிவிட்டுக் கொட்டாவி விட்டான். பெட்டியின் விளக்கு பச்சையாகவே இருந்தது.

மெர்லின் காலணியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். அங்கே பெட்டியின் கண் எட்டாது. ஜெசிந்தா பின்னாலேயே ஓடினாள்.

"நீ சிரிக்கிறத ஒரே ஒரு தடவ பாத்துக்கிறேன்டி."

"வேணாம்மா. வெளிய போனா உன் மூஞ்சி காட்டிக் குடுத்துரும்."

பேசும்போது அவள் பல்லில் ரத்தம் தெரிந்தது. கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.