சிறப்பு விருந்தினருக்கு மட்டும்

“தண்ணி குடிச்சிராதளா! விழா முடியுற வரைக்கும் தாங்கணும்லா?”

வரவேற்பு வரிசையில் பன்னீர்ச் செம்போடு நின்ற ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது, கண்காட்சி மேசைக்குப் பின்னால் நின்ற பானுப்ரியாவின் காதில் விழுந்தது.

அவளும் காலையிலிருந்து ஒரு வாய் குடிக்கவில்லை.

கல்லூரிக் கலையரங்கப் பக்கம் பெண்களுக்கென்று இருப்பது ஒரே ஒரு கழிப்பறை. முந்தின நாளே அதைக் கழுவி, வாசனை அடித்து, பூப்போட்ட துண்டு தொங்கவிட்டுப் பூட்டியாயிற்று. சாவி தாளாளர் மகாராஜனின் சட்டைப் பையில். சிறப்பு விருந்தினராக வரும் கிட்னி டாக்டர் பிரேமாவுக்காக.

மேடையில் பேனர் பளபளத்தது: ‘சிறுநீரகம் காக்க, பொறியாளர்களே வாரீர்!’

“எல்லாரும் சாஃப்ட்வேர், சாஃப்ட்வேர்னு ஓடினா, கிட்னிக்கு மெஷின் யாரு கண்டுபிடிக்கது?” என்று தாளாளர் மைக்கை விழுங்கிவிடுவதுபோல முழங்கினார். அவருடைய மகன் பெங்களூரில் சாஃப்ட்வேர்.

டாக்டர் பிரேமா, நீட்டிய இளநீரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“ரொம்பத்தான் ஏத்தம்,” என்று வரிசையில் முணுமுணுப்பு.

பானுப்ரியாவுக்கு அதிலெல்லாம் மனம் போகவில்லை. இன்று தேர்வாகிறவருக்கு டாக்டரின் சென்னை ஆய்வகத்தில் இடம். இல்லையென்றால் துறைமுகத்தில் மாமாவின் கிளியரிங் ஆபீஸில் உட்கார்ந்து கன்டெய்னர் நம்பர் தட்ட வேண்டியதுதான். அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

அவள் செய்திருந்தது மணிக்கட்டில் கட்டுகிற ஒரு பட்டை. உடம்பில் நீர் போதுமான அளவு இருந்தால் பச்சை எரியும், வற்றினால் சிவப்பு. உப்பளத்து வெயிலில் நிற்கிறவர்களின் கிட்னி கெடுவதற்கு முன்பே எச்சரிக்க. அவள் அம்மாவும் உப்பளத்தில்தான் நிற்கிறாள்.

பேச்சை முடித்து டாக்டரோடு மேசைக்கு வந்த தாளாளர், முதல் ஆளாகக் கையை நீட்டினார். பச்சை. கைதட்டல்.

“நம்ம பிள்ளைகளுக்கும் கட்டிக் காட்டும்மா! மேடம் பாக்கட்டும்.”

பன்னீர்ச் செம்புக்காரிக்குக் கட்டினாள். சிவப்பு.

சந்தனக் கிண்ணக்காரிக்கு? சிவப்பு. அடுத்தவளுக்கும் சிவப்பு.

தாளாளர் முகமும் அதே நிறத்துக்கு வந்தது. “என்னம்மா மெஷின் இது? என் காலேஜ்ல படிக்க பிள்ளைக எல்லாம் சீக்காளியா?”

துறைத் தலைவர் செந்தூர்வேல் பாய்ந்து வந்து, டாக்டர் பக்கத்திலேயே நிற்பதைக் கவனிக்காமல் அவள் காதருகே குனிந்தார். “புரோகிராம்ல ஒரு நம்பரை மாத்து, பச்சை வந்துரும். சென்னைக்குப் போணுமா, மாமா ஆபீசுக்குப் போணுமா?”

பானுப்ரியா லேப்டாப்பைத் திறந்தாள். மாற்ற வேண்டிய எண் கண்ணெதிரே நின்றது. விரல்தான் நகரவில்லை.

லேப்டாப்பை மூடிவிட்டுப் பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டாள். சிவப்பு.

“மெஷின் சரியாத்தான் சார் சொல்லுது,” என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். “நாங்க யாரும் காலையிலருந்து தண்ணி குடிக்கல.”

டாக்டருக்குக் கேட்டுவிட்டது. “ஏன்?”

“அதானே, ஏன்?” என்று தாளாளர் பொங்கினார். “வாசல்ல வரிசையா கேன் வச்சிருக்கம்லா!”

“பூட்டியிருக்கு சார்,” என்றாள் பன்னீர்ச் செம்புக்காரி.

“கேனைப் பூட்டினது எவன்வே?”

“கேன் இல்ல சார். பாத்ரூம்.”

அரங்கம் குபீரென்று சிரித்தது. தாளாளர் மட்டும் பெருமையாகச் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். “அது மேடத்துக்குன்னே ஸ்பெஷலா வச்சது!”

டாக்டர் கையை நீட்டினார். “சாவியைக் கொடுங்க.”

“தாராளமா! செந்தூர்வேல், மேடத்துக்கு வழி காட்டும்வே!”

டாக்டர் சாவியை வாங்கி பானுப்ரியாவின் உள்ளங்கையில் வைத்தார். “சென்னைக்கு வரும்போது, அந்த நம்பரை மாத்தாமக் கொண்டு வா.”

பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் அப்படியே தரைக்கு வந்தன. கழிப்பறை வாசலில் பட்டுச் சேலைகளின் வரிசை கலையரங்கக் கதவு வரை நீண்டது.

“மேடம், நீங்க மொதல்ல போங்க! ஏ பிள்ளைகளா, வழி விடுங்க!” என்று தாளாளர் பின்னாலேயே ஓடினார்.

டாக்டர் பிரேமா கைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.