தோளுக்கு ஒரு மிஷின்

அம்மா ஹால் கட்டிலில் கண்ணைத் திறக்கவும் தெம்பில்லாமல் கிடந்தாள். அப்பா எக்சர்சைஸ் மிஷின் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இப்ப இது அவசியமாப்பா?" என்றாள் சாருலதா.

"அவசியம்தான்" என்றார் திருவேங்கடம். எழுபது தாண்டிவிட்டது. சட்டைப் பொத்தான் போடவே விரல் தடுமாறியது.

இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றே, லீவு போட்டுவிட்டு ஐரோலியிலிருந்து மாட்டுங்காவில் அப்பா அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள் சாருலதா. ஒரே பெண். வந்ததிலிருந்து அப்பாவின் போக்கு பிடிபடவில்லை. ஹாலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை எல்லாம் பழைய சாமான்காரனிடம் தள்ளிவிட்டிருந்தார். அம்மாவைப் பார்க்க வருகிறவர்கள் நின்றுகொண்டே பார்த்துவிட்டுப் போனார்கள்.

முதுகு வலி என்று இந்தப் பக்கமே வராத அவள் கணவன் நகுல் போனில் சிரித்தான்.

"மாமாவுக்கு சிக்ஸ் பேக் வேணுமாமா? அப்புறம் தனியா இருந்தாகணுமே. இப்பவே ரெடியாறார்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய்த் தங்கிவிட்டது.

எதிர் ஃபிளாட் சுஷ்மாவைக் கட்டிலோரம் உட்கார வைத்துவிட்டு அப்பாவோடு போனாள்.

கிங்ஸ் சர்க்கிள் மிஷின் கடையில் கடைக்காரர் ஷாகுல் ஹமீது எழுந்து வந்தார்.

"வாங்க அண்ணாச்சி. பேரனுக்கா?"

"எனக்குத்தான்."

அவர் சாருலதாவைப் பார்த்தார். அவள் டிரெட்மில்லைப் பார்த்தாள்.

"இது சுவத்துல மாட்டுதது. இழுத்து விட்டா நெஞ்சு இரும்பாயிரும்."

"நெஞ்சு வேண்டாம்."

"இது வயித்துக்கு."

"வயிறும் வேண்டாம். தோள்ல கனம் இருக்கணும். அந்தக் கனத்தோட முட்டியை மடக்கி இறங்கணும். அதுக்கு என்ன இருக்கு?"

ஷாகுல் ஹமீது யோசித்துவிட்டு ஒரு பலகையை எடுத்து வைத்தார். சூட்கேஸ் அளவுதான். இரண்டு பக்கமும் கயிறு, நடுவில் ஒரு பட்டை.

"இதுல எடைத்தட்டே கிடையாது. கயித்தோட இழுப்புதான் கனம். பட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு குனிஞ்சு நிமிரணும். முடிஞ்சதும் கட்டிலுக்கு அடியில தள்ளிரலாம்."

அப்பா பலகைமேல் ஏறினார். பட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டு குனிந்தார். நிமிர முடியவில்லை. ஷாகுல் ஹமீது அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"இதுதான் இருக்கதுலயே லேசு. பரவால்ல, மூணு மாசத்துல பழகிரும்."

"மூணு மாசமெல்லாம் கிடையாது. சீக்கிரம் வரணும்."

"அப்படி என்ன அவசரம்? மாப்பிள்ளையா நிக்கப் போறியளா?"

சாருலதாவுக்கு முகம் எரிந்தது. அப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை.

"படி இறங்கறச்சே முன்னால போறவன் மேலதான் பூரா கனமும் வரும்" என்றார், பலகையைப் பார்த்தபடி.

"மிஷினையா? நீங்க ஏன் தூக்குதிய? நாளைக்கு நம்ம ஆளு கொண்டாந்து வீட்டுல வச்சிருவான்."

"இன்னிக்கே வேணும்."

டாக்சிக்காரன் மிஷின் பெட்டியை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். பழைய பில்டிங். லிஃப்ட் கிடையாது, வீடு மூன்றாவது மாடியில். பெட்டியின் ஒரு முனையைத் தூக்கிய அப்பா முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"விடுங்கோ!"

சாருலதா பெட்டியைப் பிடுங்கித் தோளில் ஏற்றிக்கொண்டாள். குறுகின படி. ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டி சுவரில் இடித்தது. தலைக்கு மேலே உயர்த்தித் திருப்ப வேண்டியிருந்தது. அவளுக்கு அத்தனை பலம் ஏது? பாதிக் கனத்தைக் கோபம் தூக்கியது.

இரண்டாவது மாடியில் நின்று கீழே பார்த்துக் கத்தினாள்.

"அம்மா போனப்புறம் நன்னா இருக்கணும்னு இப்பவே உடம்பைத் தேத்திக்கறேளா?"

அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

மேலே சுஷ்மா கதவைத் திறந்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். அம்மா விழித்திருந்தாள்.

"கெடைச்சுதா?"

"உனக்குத் தெரியுமா?"

"நான் கேட்டேன்னுதான் போனார்." அம்மா மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "போன மழையில கீழ் வீட்டு வேங்கடசுப்ரமணியன் போனாரே. திருப்பத்துல ஸ்ட்ரெச்சர் திரும்பலை. பில்டிங் பூரா கிழம். தூக்க ஆம்பளை இல்லை. உடம்பைப் பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார வச்சு, கயித்தால கட்டி இறக்கினா. ஒவ்வொரு படிக்கும் தலை ஆடித்து. நான் வாசல்ல நின்னு பார்த்தேன்."

சாருலதா பெட்டியின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"என்னை அப்படி இறக்கப்படாதுன்னேன். நான் தூக்கறேன்னார்."

அப்பா வந்து சேர்ந்தார். உட்கார நாற்காலி இல்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் சரிந்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"இத்தை யார் தூக்கிண்டு வந்தா?" என்றாள் அம்மா.

"நான்தாம்மா."

"கீழேர்ந்தா? எங்கேயும் இறக்கி வைக்காமயா?"

சாருலதா தலையாட்டினாள்.

அம்மா அவள் தோளைப் பார்த்தாள்.

"அப்போ இறக்கறச்சே நீ முன்னால பிடிச்சுக்கோ" என்றாள். "அப்பா பின்னால வரட்டும்."